கியர் பெட்டியின் லக்ஷணம்

கரும்பு ஏற்றிய டிராக்டர்களும், அரியலூரிலிருந்து வரும் சிமென்ட் லாரிகளும், திட்டக்குடிக்கும் விருத்தாசலத்துக்கும் போகிற பஸ்களும் மாத்திரமே ஒரு காலத்தில் நிறைத்திருந்த பெண்ணாடம் சாலையில், இன்று சொந்தக் கார்கள் சகஜமாகிவிட்டன. அவற்றுள் பல இரண்டாவது கைக்கோ மூன்றாவது கைக்கோ வந்தவை. அப்படி ஒரு வண்டி கைமாறும்போது, எத்தனை கிலோமீட்டர் ஓடியது, டயர் எப்போது மாற்றியது, இன்ஷூரன்ஸ் எதுவரை உள்ளது, ஏதேனும் விபத்தில் அடிபட்டதா என்பன போன்ற கேள்விகளுக்கெல்லாம் ஓரளவு திட்டமான விடை கிடைக்கிறது. எஞ்சினின் சக்தியைச் சக்கரத்துக்குக் கொண்டு சேர்க்கும் உறுப்பு எத்தகையது என்று கேட்டால் மட்டும், ‘கியர் வண்டி’ அல்லது ‘ஆட்டோமேட்டிக்’ என்ற இரண்டில் ஒன்றைச் சொல்லிவிட்டு விற்பவர் அடுத்த பேச்சுக்குப் போய்விடுகிறார். இந்த இரண்டாவது விடை ஒரு விடையே அல்ல என்பதும், அந்தக் குறையைத் தீர்க்க வேண்டிய கடமை தயாரிப்பாளருக்கும் சர்க்காருக்கும் உண்டு என்பதும் என் உறுதியான அபிப்பிராயம்.

முதலில் அந்த உறுப்பின் வேலையைப் பார்ப்போம். பெட்ரோலோ டீசலோ குடிக்கும் எஞ்சின், ஒரு குறிப்பிட்ட வேக எல்லைக்குள் சுழலும்போதுதான் தன் முழு வலிமையைத் தரவல்லது. அந்த எல்லைக்குக் கீழே போனால் அணைந்துவிடும். வண்டியோ நிற்க வேண்டும், ஊர வேண்டும், பாலத்தின் மேட்டில் ஏற வேண்டும், நெடுஞ்சாலையில் விரைய வேண்டும். ஆதலால், ஓடும் எஞ்சினைச் சக்கரத்தோடு சேர்க்கவும் பிரிக்கவும் ஒரு சாதனமும், இரண்டின் வேகங்களுக்கும் இடையிலுள்ள விகிதத்தை மாற்ற இன்னொரு சாதனமும் அவசியமாகின்றன. கிளட்ச் முதலாவது, கியர் பெட்டி இரண்டாவது. இவற்றை இயக்குகிறவன் மனிதனா இயந்திரமா என்பது மூன்றாவது விஷயம். இம்மூன்றும் வெவ்வேறானவை என்பதை மறந்துவிட்டதிலிருந்தே இன்றைய குழப்பமெல்லாம் பிறக்கிறது.

‘ஆட்டோமேட்டிக்’ என்று விற்கப்படும் வண்டிகளைத் திறந்து பார்த்தால் என்ன தெரிகிறது? 2014ஆம் ஆண்டில் மாருதி சுசூகி நிறுவனம் செலேரியோ காரில் கொண்டுவந்ததும், பின்னர் மலிவு விலைக் கார்களில் வெகுவாகப் பரவியதுமான ஏ.எம்.டி. என்ற முறையில் இருப்பது, நம் மெக்கானிக்குகள் அனைவரும் நன்கறிந்த அதே சாதாரணக் கியர் பெட்டியும், அதே ஒற்றைக் கிளட்ச் பிளேட்டும்தான். ஓட்டுநரின் இடது காலும் இடது கையும் செய்துவந்த வேலையை, மின்னணுக் கட்டளைப்படி இயங்கும் எண்ணெய் அழுத்தக் கருவியோ மோட்டாரோ செய்கிறது, அவ்வளவே. டார்க் கன்வெர்ட்டர் உள்ள வண்டியின் அமைப்போ அடியோடு வேறு. அங்கே எண்ணெய் நிரம்பிய ஒரு கூட்டுக்குள் எதிரெதிராக இரண்டு விசிறிச் சக்கரங்கள் இருக்கின்றன. எஞ்சின் சுழற்றும் விசிறி எண்ணெயை வீசுகிறது. வீசப்பட்ட எண்ணெய் மற்ற விசிறியைத் தள்ளுகிறது. இடையே உள்ள மூன்றாவது சக்கரம் திரும்பி வரும் எண்ணெயின் திசையை மாற்றிவிட்டு, புறப்படும் தறுவாயில் வண்டியின் இழுவிசையைப் பெருக்கிக் கொடுக்கிறது. கப்பல்களின் டர்பைன்களுக்காக ஹெர்மன் ஃபாட்டிங்கர் என்ற ஜெர்மானியப் பொறியாளர் 1905ல் காப்புரிமை பெற்ற யுக்தி இது. இதன் பின்னால் இருக்கும் பல்சக்கரங்களும், நடுவில் ஒரு சக்கரம், அதைச் சுற்றி உருளும் சிறு சக்கரங்கள், அவற்றுக்கு வெளியே உட்புறம் பல் வைத்த வளையம் என்று கிரகங்களின் சுழற்சியை ஒத்து அமைந்தவை.

சி.வி.டி. என்பதில் படிப்படியான கியர்களே இல்லை. அகலம் மாறும் இரண்டு புல்லிகளுக்கு இடையே ஓடும் ஓர் உலோகப் பட்டை, விகிதத்தை இடைவெளியின்றி மாற்றிக்கொண்டே போகிறது. நெதர்லாந்தின் வான் டோர்ன் சகோதரர்கள் 1958ல் டாஃப் 600 என்ற சிறு காரில் ரப்பர் பெல்ட்டைக் கொண்டு செய்து காட்டியது இதன் மூதாதை. இரட்டைக் கிளட்ச் முறையிலோ ஒற்றைப்படைக் கியர்களுக்கு ஒரு கிளட்ச்சும் இரட்டைப்படைக் கியர்களுக்கு ஒரு கிளட்ச்சும் இருந்து, ஒன்று விடும்போதே மற்றொன்று பற்றிக்கொள்கிறது; 2003ல் வோக்ஸ்வாகன் இதைச் சாலைக் காருக்குக் கொண்டுவந்தது. அதிலும் கிளட்ச் எண்ணெயில் நனைந்திருக்கும் வகையும் உண்டு, உலர்ந்திருக்கும் வகையும் உண்டு. 2022ல் டாடா ஆல்ட்ரோஸில் வந்தது நனைந்த வகை.

இந்த நான்கையும் ஒரே சொல்லால் அழைப்பதால் யாருக்கு நஷ்டம் என்று கேட்கலாம். விழுப்புரம்–திருச்சி ரயில் பாதையை ஒட்டிய நம் ஊர்களில், ரயில்வே கேட்டின் ஏறுமுகத்தில் வண்டியை நிறுத்தி, கேட் திறந்தபின் முன்னால் உள்ள டிராக்டரின் பின்னாலேயே அங்குலம் அங்குலமாக ஊர்ந்து போகும் அனுபவம் எல்லோருக்கும் உண்டு. அந்த மேட்டில் பிரேக்கை மிதிக்காமல் ஆக்சிலேட்டரை லேசாக அழுத்தியே வண்டியை நிறுத்திவைப்பவர், டார்க் கன்வெர்ட்டர் வண்டியில் எண்ணெயைத்தான் சிறிது சூடேற்றுகிறார், ஏ.எம்.டி. வண்டியிலோ கிளட்ச் பிளேட்டையே உரசித் தேய்த்துக்கொண்டிருக்கிறார். கியர் வண்டியில் ‘ஹாஃப் கிளட்ச்’ போட்டு நிறுத்தாதே என்று டிரைவிங் ஸ்கூலில் முதல் நாளே கண்டிக்கப்பட்டவர்கூட, காலடியில் கிளட்ச் பெடல் இல்லாத காரணத்தால் கிளட்ச்சே இல்லை என்று நம்பி, அதே பிழையை அறியாமல் செய்கிறார். அவருடைய அறியாமைக்கு அவரைக் குறை சொல்வதில் நியாயமில்லை. அவரிடம் வண்டியை விற்றவர்கள் அந்தப் பெடலின் மறைவைத்தான் விளம்பரப்படுத்தினார்களே ஒழிய, கிளட்ச் எங்கே போயிற்று என்பதைச் சொல்லவில்லை.

சைவ சித்தாந்தத்தின் மூலநூலாகிய சிவஞான போதத்தை அருளிய மெய்கண்டார் அவதரித்த ஊர் பெண்ணாடம். அந்த மரபில் தர்க்கம் பயின்ற நம் பெரியோர், ஒரு பொருளுக்கு லக்ஷணம் கூறுவதில் மூன்று குற்றங்கள் நேரக்கூடும் என்றார்கள்: லக்ஷணம் தன் இனத்தில் சிலவற்றை விட்டுவிட்டால் அவ்வியாப்தி, பிற இனத்திலும் போய்ச் சேர்ந்தால் அதிவியாப்தி, எதிலுமே பொருந்தாவிட்டால் அசம்பவம். கார் விற்பனை நிலையத்தின் விலைப்பட்டியலை இந்த மூன்று உரைகற்களில் உரசினால், ஒவ்வொரு குற்றத்துக்கும் கைமேல் உதாரணம் கிடைக்கிறது.

‘ஆட்டோமேட்டிக்’ என்பதற்கு ‘கிளட்ச் பெடல் இல்லாதது’ என்றே லக்ஷணம் கொள்வோம். 2020ல் ஹூண்டாய் வென்யூவில் வந்த ஐ.எம்.டி. என்ற முறையில் கிளட்ச் பெடல் இல்லை. ஆனால் கியரைக் கையால்தான் மாற்ற வேண்டும். லக்ஷணம் அங்கேயும் போய் ஒட்டிக்கொள்வதால் அதிவியாப்தி. சரி, ‘கியரைத் தானே மாற்றிக்கொள்வது’ என்று திருத்துவோம். டாடா நெக்ஸான் மின்சாரக் கார் ஒரே ஒரு நிலையான விகிதத்தில் ஓடுவது; மாற்றுவதற்கு அதில் இரண்டாவது கியரே கிடையாது; அதுவும் ஆட்டோமேட்டிக் என்றே பட்டியலில் நிற்கிறது. லக்ஷணம் அதை எட்டாமல் நின்றுவிடுவதால் அவ்வியாப்தி. இனி, 2022ல் இங்கே அறிமுகமான டொயோட்டா ஹைரைடர், மாருதி கிராண்ட் விட்டாரா ஆகியவற்றின் ஹைபிரிட் வகையில் இருப்பதை இ–சி.வி.டி. என்கிறார்கள். அதில் புல்லியும் இல்லை, பட்டையும் இல்லை. ஒரு கிரகப் பல்சக்கரத் தொகுதியில் எஞ்சினும் இரண்டு மின்மோட்டார்களும் கூடி, மோட்டார்களின் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் விகிதத்தை அமைத்துக்கொள்கின்றன. சி.வி.டி. என்றால் பட்டையும் புல்லியும் என்று பாடம் படித்த மெக்கானிக், இந்தப் பெயரை நம்பி எதைத் தேடுவார்? இது அசம்பவம்.

இவற்றோடு வியாபாரப் பெயர்களும் சேர்ந்துகொள்கின்றன. ஒரே ஏ.எம்.டி. முறையை ஒரு நிறுவனம் ஆட்டோ கியர் ஷிஃப்ட் என்கிறது. மற்றொன்று ஈஸி–ஆர் என்கிறது. வேறொன்று ஆட்டோஷிஃப்ட் என்கிறது. தன் சரக்குக்குத் தான் விரும்பிய பெயரை இட்டுக்கொள்ள வியாபாரிக்கு உரிமை உண்டு; மறுக்கவில்லை. மருந்துக் கம்பெனியும் மாத்திரைக்குத் தன் பெயரைப் பெரிதாகப் போட்டுக்கொள்கிறது. ஆயினும் உள்ளிருக்கும் மருந்தின் பொதுப்பெயரை அட்டையில் அச்சிட வேண்டும் என்று சட்டம் நிர்ப்பந்திக்கிறது அல்லவா? கார் விஷயத்தில் அந்த நிர்ப்பந்தம் இல்லை.

இந்தக் குழப்பம் புதியதென்றும், இயந்திரங்கள் சிக்கலாகிவிட்டதால் வந்ததென்றும் எண்ணிவிடக் கூடாது. கைக் கியர், தானியங்கிக் கியர் என்ற இருகூற்றுப் பிரிவு ஆதியிலிருந்தே போதாமல்தான் இருந்தது. 1908ல் வெளிவந்து, 1927 வரை ஒன்றரைக் கோடி எண்ணிக்கையில் தயாரான ஃபோர்டின் மாடல் டி காரில், இன்றைய ஆட்டோமேட்டிக் வண்டிகளில் இருப்பது போன்ற கிரகப் பல்சக்கரங்களே இருந்தன. ஆனால் ஓட்டுநர் அவற்றைக் காலால் மிதித்து இயக்கினார். இடது பெடல் வேகத்தை மாற்றியது, நடுப் பெடல் பின்னோக்கிச் செலுத்தியது, ஆக்சிலேட்டரோ ஸ்டியரிங்கின் அடியில் கைப்பிடியாக இருந்தது. லண்டன் மாநகரின் புகழ்பெற்ற ஆர்.டி. பஸ்களில் ஓட்டுநர் அடுத்த கியரைச் சிறு நெம்புகோலால் முன்கூட்டியே குறித்து வைத்துவிட்டு, வேண்டிய தருணத்தில் பெடலை அழுத்தினால் கியர் மாறியது. எஞ்சினுக்கும் பெட்டிக்கும் நடுவே உராயும் கிளட்ச்சுக்குப் பதில் எண்ணெய் இணைப்பு இருந்தது. இந்த இரண்டையும் கைக் கியர் என்பதா, தானியங்கி என்பதா? முழுத் தானியங்கி என்று 1940ஆம் ஆண்டு ஓல்ட்ஸ்மொபில் காருக்கு ஜெனரல் மோட்டார்ஸ் அளித்த ஹைட்ராமேட்டிக்கில் டார்க் கன்வெர்ட்டர் இல்லை, வெறும் எண்ணெய் இணைப்பும் நான்கு கியர்களும் இருந்தன. அதே நிறுவனம் 1948ல் ப்யூக் காருக்கு அளித்த டைனாஃப்ளோவில் டார்க் கன்வெர்ட்டர் இருந்தது, சாதாரண ஓட்டத்தில் கியர் மாற்றமே நிகழவில்லை. ஒரே கூரையின் கீழ்ப் பிறந்த இரண்டு ‘ஆட்டோமேட்டிக்’குகளுக்குள் இத்தனை பேதம்.

அப்படியானால் வகைப்படுத்துவது எவ்வாறு? பெண்ணாடத்துப் பிரளயகாலேசுவரர் கோயிலைப் பார்த்தவர்கள் அதன் கருவறை விமானம் படுத்திருக்கும் யானையின் பின்புறம் போல வளைந்திருப்பதைக் கண்டிருப்பார்கள். தூங்கானை மாடம் என்று அந்தத் தலத்துக்கே பெயர். நம் சிற்ப சாஸ்திரிகள் ஒரு விமானத்தைச் சொல்லும்போது, அதன் உருவம் சதுரமா, வட்டமா, எண்கோணமா, தூங்கானையா என்பதைத் தனியே சொன்னார்கள். தளம் ஒன்றா இரண்டா மூன்றா என்பதைத் தனியே சொன்னார்கள். ஒரே பொருளால் கட்டிய சுத்தமா, இரு பொருள் கலந்த மிச்ரமா, பல பொருள் சேர்ந்த சங்கீர்ணமா என்பதையும் தனியே சொன்னார்கள். ஒன்றின் விடையை வைத்து மற்றொன்றை ஊகிக்கவில்லை. தூங்கானை வடிவம் ஒரு தளத்திலும் அமையலாம், இரு தளத்திலும் அமையலாம். கல்லாலும் எழும்பலாம், செங்கல்லாலும் எழும்பலாம். மூன்று தனித்தனிக் கேள்விகளுக்கு மூன்று தனித்தனி விடைகள் சேர்ந்தே ஒரு கட்டடத்தின் வர்ணனையாயின. கியர் பெட்டிக்கும் அந்த முறையே வேண்டும்.

எஞ்சினையும் பெட்டியையும் இணைப்பது எது? ஒற்றைக் கிளட்ச்சா, இரட்டைக் கிளட்ச்சா, அது நனைந்ததா உலர்ந்ததா, எண்ணெய் இணைப்பா, டார்க் கன்வெர்ட்டரா, ஒன்றுமே இல்லையா? விகிதம் எதனால் உண்டாகிறது? இணையான தண்டுகளில் கோத்த பல்சக்கரங்களாலா, கிரகப் பல்சக்கரங்களாலா, பட்டையாலும் புல்லியாலுமா, மின்மோட்டார்களின் கலப்பாலா, மாறாத ஒரே விகிதமா? இயக்குகிறவர் யார்? கிளட்ச்சை யார், கியரை யார்? இந்தக் கடைசிக் கேள்வியை இரண்டாகப் பிரித்துக் கேட்டால்தான் ஐ.எம்.டி. தனக்குரிய இடத்தில் போய் அமர்கிறது: கிளட்ச் இயந்திரத்தின் வசம், கியர் மனிதர் வசம். மாடல் டி காரும் லண்டன் பஸ்ஸும் மின்சாரக் காரும் ஹைபிரிடும் எந்தச் சங்கடமுமின்றி இந்தக் கட்டங்களுக்குள் அடங்குகின்றன. நாளை புதிதாக எவர் எதைச் செய்தாலும் அதற்கும் இடமிருக்கும்.

சாதாரண ஜனங்களுக்கு இத்தனை சூக்ஷ்மம் எதற்கு, இடது காலுக்கு வேலை உண்டா இல்லையா என்று தெரிந்தால் போதாதா என்று ஆட்சேபிப்பவர்கள் உண்டு. இடது காலில் வலுவில்லாத ஒருவருக்கு அந்த ஒரு கேள்வியே பிரதானம் என்பதை நான் முழுமனதோடு ஒப்புக்கொள்கிறேன். அவர் கேட்பதற்கு ‘ஆட்டோமேட்டிக்’ என்ற சொல்கூடச் சரியான விடை தருவதில்லை, ஐ.எம்.டி.யும் அவருக்குப் பயன்படும் என்பதை அது மறைத்துவிடுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆனால் வண்டியை வாங்கி, பத்து வருஷம் வைத்திருந்து, பழுது பார்த்து, மறுபடி விற்கப் போகிறவருக்கு அது போதாது. ஏ.எம்.டி. பெட்டிக்கு ஊற்றுவது சாதாரணக் கியர் ஆயில். டார்க் கன்வெர்ட்டர் பெட்டிக்கு அதற்கென்றே தயாரான திரவம். பட்டையில் ஓடும் சி.வி.டி.க்கு வேறொன்று. பட்டை புல்லியை வழுக்காமல் பற்ற வேண்டிய உராய்வை அந்தத் திரவமே காக்கிறது. மாற்றி ஊற்றினால் பெட்டியே பாழாகலாம். வழியில் நின்றுபோன வண்டியைக் கயிறு கட்டி இழுக்கும்போதும் இந்த பேதம் தலைதூக்கும். கியர் வண்டியை நியூட்ரலில் வைத்து இழுத்துவிடலாம். டார்க் கன்வெர்ட்டர் பெட்டிக்கு எண்ணெய் செலுத்தும் பம்ப்பை எஞ்சினே சுழற்றுவதால், எஞ்சின் அணைந்த நிலையில் ஓட்டும் சக்கரங்கள் தரையில் உருள வெகுதூரம் இழுத்தால் உள்ளே எண்ணெயின்றித் தேயும். பெருநகரத்தில் கம்பெனி சர்வீஸ் சென்டர் பக்கத்திலேயே இருக்கும். நம் ஊர்களில் முதலில் கை வைப்பவர் சாலையோர மெக்கானிக். அவர் சாமர்த்தியசாலி, அவருக்கு வேண்டியது சரியான தகவல் ஒன்றே.

சட்டத்தின் நிலை இன்னும் விசித்திரமானது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 10ஆவது பிரிவு, இருசக்கர வாகனங்களைக் கியர் உள்ளது, கியர் இல்லாதது என்று இரண்டு வகுப்பாக்கித் தனித்தனி உரிமம் கேட்கிறது. ஓசூரில் 1980ல் பிறந்து, இன்றும் உர மூட்டையும் பால் கேனும் சுமந்து நம் வயல் வரப்பு வரை போகும் டி.வி.எஸ். மொபெட் உண்மையிலேயே ஒற்றை வேக வண்டி; மாற்றுவதற்கு அதில் விகிதமே இல்லை. 1984ல் வந்த கைனடிக் ஹோண்டாவும் இன்றைய ஆக்டிவாவுமோ பட்டையும் புல்லியும் கொண்ட முழுமையான சி.வி.டி. வண்டிகள், பெல்ட் தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும் என்று மெக்கானிக் சொல்லக் கேட்காத ஸ்கூட்டர்க்காரர் அரிது. இவ்விரண்டும் சட்டத்தின் பார்வையில் ஒரே ‘கியர் இல்லாத’ வகுப்பு. உரிமத்தைப் பொறுத்தவரை அது தவறில்லை என்பேன். ஓட்டுபவரின் திறமையைச் சோதிக்க, கிளட்ச்சும் கியரும் அவர் வசம் உள்ளனவா என்ற மூன்றாவது கேள்வி ஒன்றே போதும். ஆனால் இருசக்கர வாகனத்துக்குக் கேட்ட அந்தக் கேள்வியைக் காருக்கு அதே சட்டம் கேட்க மறந்துவிட்டது. கிளட்ச்சை மிதித்தே அறியாமல் ஆட்டோமேட்டிக் காரில் கற்றுத் தேறியவருக்கும், இலகுரக வாகனங்கள் அனைத்தையும் ஓட்ட ஒரே உரிமம் தரப்படுகிறது. நம்மவர் பலர் வாழும் சிங்கப்பூரில் கைக் கியருக்கு 3ஆம் வகுப்பு, ஆட்டோமேட்டிக்குக்கு 3ஏ வகுப்பு என்று வேறு பிரித்திருக்கிறார்கள். இங்கிலாந்திலும் ஆட்டோமேட்டிக்கில் தேறியவர் கைக் கியர் வண்டியைத் தொட முடியாது. இங்கேயும் அவ்வாறு பிரிப்பதே முறை.

மற்ற இரண்டு கேள்விகளையும் சேர்த்து எழுத உரிய இடம் பதிவுச் சான்றிதழ். எஞ்சின் எண், சேசிஸ் எண், சிலிண்டர்களின் எண்ணிக்கை, கன அளவு, எரிபொருள், இருக்கைகள், வண்டியின் நிறம் வரை கேட்டு எழுதிக்கொள்ளும் அந்தப் பத்திரத்தில், கியர் முறைக்கு ஒரு வரி இல்லை. நிறத்தைவிட அது முக்கியமற்றதா? மத்திய சர்க்கார் 1989ஆம் ஆண்டு மோட்டார் வாகன விதிகளின் பதிவுப் படிவத்தில் ஒரே ஒரு வரியைச் சேர்த்து, அதையே விலைப்பட்டியலிலும் விளம்பரத்திலும் வியாபாரப் பெயரின் பக்கத்தில் அச்சிடக் கட்டளையிடலாம். செலேரியோவின் ஏ.எம்.டி. வகைக்கு அந்த வரி இப்படி இருக்கும்: ‘உலர்ந்த ஒற்றைக் கிளட்ச், இணைத்தண்டுப் பல்சக்கரங்கள், ஐந்து வேகம், கிளட்ச்சும் கியரும் இயந்திரத்தின் வசம்.’ நெக்ஸான் மின்சாரக் காருக்கு இன்னும் சுருக்கமாக: ‘கிளட்ச் இல்லை, மாறாத ஒரே விகிதம்.’ தயாரிப்பாளரிடம் இந்த விவரங்கள் எல்லாம் முன்பே இருப்பதால் அவருக்குப் புதிய செலவு எதுவுமில்லை. புதிய வண்டிகளுக்கு இதை உடனே தொடங்கிவிட்டு, ஏற்கெனவே சாலையில் உள்ளவற்றுக்கு, உரிமையாளர் பெயர் மாற்றத்துக்காக வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு வரும்போது, மாடலின் பெயரைக் கொண்டே அந்த வரியை நிரப்பிக்கொடுக்கலாம். மூன்றாவது கைக்கு வண்டியை வாங்குகிறவர் பணத்தை எண்ணிக் கொடுக்கும் முன் அந்த வரியை வாசித்துக்கொள்வார்.